பரணில் முதிர்ந்த ருசி

கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் சாயர்புரத்துக் கூட்டாளிகளுக்கு ஒரு திறந்த மடல்



துபாயிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் இந்த டிசம்பரில் வந்து இறங்கப்போகிற எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. உங்கள் திட்டம் தெரிந்தது. கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் தூத்துக்குடியில் நல்ல ஓட்டலாகப் பார்த்து மேசை பிடிப்பது, ஆளுக்கொரு பழைய ஒயின் பாட்டில் கொண்டுவருவது, எல்லாரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்த்து எது ஒசத்தி என்று பேசித் தீர்ப்பது. கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தவன் என்பதால் என்னை நடுவராகப் போட்டிருக்கிறீர்கள். வருகிறேன். ஆனால் திட்டத்தில் கை வைக்காமல் வரமாட்டேன்.

முதலில் ஓட்டல். லண்டனில் சில உணவகங்களில் சொந்தப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய், திறந்து ஊற்றுவதற்கு ஒரு கட்டணம் கட்டிவிட்டு, அவர்கள் சாப்பாட்டோடு குடிக்கலாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் செய்யலாம் என்று நினைத்துவிட்டீர்கள். நடக்காது. தமிழ்நாட்டில் மதுவின் மொத்த வியாபாரம் 1983-லிருந்து டாஸ்மாக் கையில். 2003-லிருந்து சில்லறைக் கடைகளும் அவர்களுடையவை. உரிமம் உள்ள நட்சத்திர ஓட்டல் பாரில்கூட அந்த வழியாக வந்த சரக்கைத்தான் ஊற்றுவார்கள். உரிமமே இல்லாத சாப்பாட்டுக் கடையில் பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தால் நாமும் மாட்டுவோம், கடைக்காரரும் மாட்டுவார். பிழைப்புக்குக் கடை நடத்துகிற மனுஷனை நம் ஆசைக்காக ஸ்டேஷன் படி ஏற வைக்க வேண்டாம். ஆகவே பாட்டில் திறப்பது ஊரில், எங்கள் வீட்டு மாடியில். சாப்பாடு தூத்துக்குடியில். நடுவில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய ஒயினைக் கூடி உட்கார்ந்து ஒப்பிடுவது எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை. நான் பார்த்த ஒரு மேசையைச் சொல்கிறேன்.

பயணிகள் கப்பல். லிஸ்பனை விட்டுக் கிளம்பிய இரவு. மேசையில் ஆறேழு பேர், எல்லாரும் நரைத்தவர்கள், பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதம். அவர்களில் ஒருவர் வீட்டு நிலவறையிலிருந்து போர்தோ சிவப்பு ஒயின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், அவர்கள் பள்ளி முடித்த வருடத்து அறுவடை. அடிமண்டி கீழே இறங்கட்டும் என்று முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார். கார்க்கை உருவும்போது பாதி நைந்து உதிர்ந்தது. நான் பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொள்ள, பெரிய ஸ்டூவர்டு கை ஆடாமல் சாய்த்து ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இறக்கினார். வெளிச்சத்தில் கழுத்தருகே கறுப்பாக ஓர் இழை நகர்ந்து வந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டார், மிச்சம் மூன்று விரல் உயரம் பாட்டிலிலேயே இருந்துவிட்டது. கிளாஸில் பார்த்தால் செங்கல் நிறம், விளிம்பில் ஆரஞ்சு. முதல் மோப்பத்தில் நனைந்த சாக்கு வாடைதான். ஒருவர் முகத்தைச் சுளித்தார். பத்து நிமிஷம் கழித்து அதே கிளாஸில் உலர்ந்த அத்திப்பழம், புகையிலை, தோல்பை என்று ஒவ்வொன்றாக வந்தது. அரைமணி நேரம் அப்படி நின்றது. பிறகு மளமளவென்று இறங்கிப் புளிக்கத் தொடங்கியது. எனக்கும் ஒரு விரல்கடை ஊற்றிக் கொடுத்தார்கள், அதனால் இவ்வளவும் சொல்ல முடிகிறது. அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் ஒயினைப் பற்றிப் பேசியது சொற்பம். கணக்கு வாத்தியார் ஒருவரைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை நாமும் செய்யலாம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. மறுப்பு, நீங்கள் கொண்டுவரப்போகிற பாட்டில்களின் மேல்தான்.

சிவப்பு ஒயின் முதிர்வது எப்படி என்று பாருங்கள். திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருகிற துவர்ப்பு, டானின் என்பார்கள், வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் படிகிறது. கார்க் வழியாக மிகக் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. புதுப் பழத்தின் வாசம் அடங்கி வற்றல் பழத்தின் வாசம் எழும்புகிறது. இதெல்லாம் மெல்ல நடந்தால்தான் ருசி. அதனால்தான் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி குளிரில், வெளிச்சம் படாத நிலவறையில் படுக்க வைக்கிறார்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லித்தந்தார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் கிடக்கிற பாட்டிலுக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் டியூட்டி ஃப்ரீயில் வாங்கி ஃபிரிட்ஜ் தலைமேல் நிறுத்தி வைத்ததைப் 'பழைய ஒயின்' என்று ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். அது பழசு அல்ல மக்கா, வெந்தது. தவிர, உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பங்கு வாங்கிய ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிடுவதற்கென்றே செய்வது. வைத்திருந்தால் தேறுவது மிகச் சில.

பெங்களூர்க்காரர் நந்தி மலைப் பக்கத்து குரோவர் ஒயினைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்லது. 1988-ல் தொடங்கிய தோட்டம், போர்தோவின் மிஷெல் ரோலாண்ட் ஆலோசகராக இருந்த இடம். புதிதாகவே கொண்டுவாருங்கள், புதிதாகவே குடிப்போம். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொல்லி வீட்டு ஒயினுக்கு அடி போடுகிறவர் அந்தத் திராட்சையைத் தட்டில் வைத்தால் போதும்.

இனி நான் சொல்ல வந்தது. முதிர்வதென்றால் குளிர்ந்த நிலவறைதான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? ரோமாபுரிக்காரன் அப்படி நினைக்கவில்லை. அவன் ஒயின் சாடிகளை அடுப்புப் புகையும் குளியலறை உலைப் புகையும் போய்ச் சேருகிற மேல்தட்டில் அடுக்கினான். புகையும் சூடும் பட்டால் ஒயின் சீக்கிரம் முதிரும் என்று கொலுமெல்லா தன் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார். மேல்தட்டு, புகை, சூடு. உங்களுக்கு எங்கேயாவது மணக்கிறதா?

அந்த ரோமாபுரியின் சாடிகள் நம் கடற்கரை வரைக்கும் வந்தவை. அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது இரட்டைக் கைப்பிடிச் சாடித் துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் வகைச் சாடிகளும் அவற்றில் உண்டு. முதலாம் நூற்றாண்டில் ஒரு மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் முசிறியில் இறங்கும் சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது, அதிகமில்லை என்ற குறிப்போடு. அதே மாலுமி கொற்கை முத்துக்குளிப்பையும் சொல்கிறான், தண்டனைக் கைதிகளை மூழ்க வைத்தார்கள் என்று. கொற்கை நமக்கு ஏரல் பக்கத்துக் கிராமம், பஸ் ஏறினால் போய்விடலாம். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் யவனர் கொண்டுவந்த மது பொற்கிண்ணத்தில் ஏறுகிறது. உள்நாட்டு முதிர்ச்சியும் நமக்குப் புதிதல்ல. மண்ணில் புதைத்து முதிர வைத்த தேறலைக் கபிலர் பாரியின் பறம்பில் காட்டுகிறார். மூங்கில் குழாயில் விளைந்த தேக்கள் தேறல் திருமுருகாற்றுப்படையில் வருகிறது. அளவுக்கு மீறி முதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ரோமாபுரியிலேயே சாட்சி உண்டு. கி.மு. 121-ஆம் வருட அறுவடையைப் பெரிய வருடம் என்று கொண்டாடினார்கள். ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்துப் பிளினி அதைப் பற்றி எழுதும்போது அது தேன் பதத்துக்கு இறுகிக் கசப்பேறியிருந்தது. தனியாகக் குடிக்க முடியாது, மற்ற ஒயினுக்கு வாசம் கூட்ட ஒரு சொட்டுச் சேர்ப்பார்கள்.

சூட்டில் முதிரும் ஒயின் இன்றைக்கும் இருக்கிறது. மதேரா. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே கிடக்கும் போர்ச்சுகலின் தீவு. கிழக்கே போகிற கப்பல்களும் அமெரிக்கா போகிற கப்பல்களும் அங்கே நின்று தண்ணீரும் ஒயினும் ஏற்றிக்கொள்ளும். பீப்பாய்கள் கப்பலின் அடித்தளத்தில் வெப்ப மண்டலத்தின் புழுக்கத்தில் மாதக்கணக்கில் உருண்டுகொண்டு கிடக்கும். விற்காமல் திரும்பி வந்த பீப்பாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஆச்சரியம், போனபோது இருந்ததைவிட வந்தபோது ருசி கூடியிருந்தது. அப்புறம் என்ன, இந்தியாவுக்குப் போய்த் திரும்பியது என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றார்கள். வேண்டுமென்றே பீப்பாயைக் கப்பலேற்றிச் சுற்றி வரச் செய்தவர்களும் உண்டு. கப்பற்செலவு கட்டுப்படியாகாமல் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கரையிலேயே சூடேற்றும் முறை வந்தது. இப்போதும் மலிவு மதேராவைத் தொட்டியில் நாற்பத்தைந்து ஐம்பது டிகிரிச் சூட்டில் மூன்று மாதம் வைக்கிறார்கள். நல்ல மதேராவை அப்படி அவசரப்படுத்துவதில்லை. கிடங்கின் மேல்தட்டில், ஓட்டுக்கு அடியில், உத்தரங்களின் மேல் பீப்பாயைக் கிடத்தி, வெயிலே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அறுவடை வருடத்தைப் பேரில் போட்டு 'ஃபிரஸ்கைரா' என்று விற்க வேண்டுமானால் குறைந்தது இருபது வருடம் மரத்தில் கிடந்திருக்க வேண்டும்.

இந்த ஒயினை வெயில் ஒன்றும் செய்யாது, பார்க்க வேண்டிய வெயிலை எல்லாம் பீப்பாயிலேயே பார்த்துவிட்டு வருகிறது. பிராந்தி சேர்த்துப் பத்தொன்பது சதவீதம் அளவுக்குச் சாராயம் ஏற்றியிருப்பார்கள், புளிப்பும் தூக்கலாக இருக்கும். திறந்து வைத்த பாட்டில் மாதக்கணக்கில் தாங்கும். படுக்க வைக்க வேண்டியதில்லை, நிமிர்த்தியே வைக்கலாம். பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டிக்கொண்டு வாருங்கள், சென்னை விமான நிலையத்திலிருந்து ஊர் வரைக்கும் வெயிலில் வந்தாலும் பரவாயில்லை. மதேராவுக்குத் துணையும் நம் கரையிலேயே இருக்கிறது. இந்த முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1530-களில். பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டுப் பக்கம் கால் வைத்தது 1542-ல். அவர்கள் ஆளுகை போய் டச்சுக்காரர் வந்து, ஆங்கிலேயர் வந்து, எல்லாரும் போயாயிற்று. தூத்துக்குடி மக்ரூன் மட்டும் அவர்கள் வழியாக வந்தது என்று சொல்லிக்கொண்டு முந்திரியும் முட்டை வெள்ளையுமாக இன்னும் கடையில் கூம்பு கூம்பாக உட்கார்ந்திருக்கிறது. மதேராவில் இனிப்பு முற்றிய மால்வாசியா வகைக்கு இந்த மக்ரூனைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை. இனிப்பு மிகக் குறைந்த செர்சியால் வகைக்கு மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி. நடுவில் வெர்தேல்யோ, போவால் என்று இரண்டு இருக்கின்றன. நான்கையும் வரிசையாக வைத்தால் வறட்சியிலிருந்து தேன் இனிப்புக்குப் படிப்படியாக நடந்து போகலாம்.

இப்போது பரணுக்கு வருகிறேன்.

நம் ஊரில் எதையாவது முதிர வைத்து ருசி பார்த்தோம் என்றால் அது கருப்பட்டியைத்தான். உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது, உங்களில் சிலருக்கும் மறந்திருக்கும், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள். மாசி பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பனையேறி விடியுமுன் இறக்கிவருவதை விடிலிக் குடிசையில் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார்கள். பதம் வந்ததும் மணலில் பதித்த சிரட்டைகளில் ஊற்றினால் ஆறி இறுகிக் கருப்பட்டி. புதுக் கருப்பட்டியில் இனிப்பு நாக்கில் குத்தும், அடியில் ஒரு சுண்ணாம்புக் கார்ப்பு நிற்கும். அதையே ஓலைப்பெட்டியில் போட்டுப் பரணில், அடுப்புக்கு நேர்மேலே ஏற்றிவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் கருப்பட்டி கசிந்து பிசுபிசுத்துப்போகும், அதைத் தடுக்கத்தான் புகை. கசிவைத் தடுக்கப் போட்ட வழியே முதிர வைக்கும் வழியாகவும் ஆகிவிட்டது. வருடம் தாண்டினால் நிறம் கறுக்கும், மேலே மங்கலாக ஒரு படலம் பூக்கும், கையால் உடையாது. குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்த முகம் பளபளவென்று இருக்கும். வாயில் போட்டால் இனிப்பு பின்னால்தான் வரும். முன்னால் புகை, லேசான உப்பு, கொஞ்சம் கசப்பு. பிள்ளை பெற்றவளுக்கும் இருமல்காரருக்கும் பழைய கருப்பட்டிதான் வேண்டும் என்று நம் ஆச்சிமார் அடம்பிடித்ததும், கடையில் புதுசைவிடப் பழசுக்குக் கூடக் காசு கொடுத்ததும் உங்களுக்கு ஞாபகம் வரலாம்.

2023 டிசம்பரில் வெள்ளம் வந்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. தரையில் இருந்த சாக்கு அரிசியும் கீழ்த்தட்டில் இருந்த கருப்பட்டிப் பெட்டியும் போயின. பாகாகக் கரைந்து சேற்றோடு சேர்ந்து வாசல் வழியே ஓடிவிட்டது. பரணில் இருந்த பெட்டி தப்பியது. அந்த வருடக் கோடையில் காய்ச்சியது. அதை நான் அப்புறம் தொடவில்லை. பிரெஞ்சுக்காரன் பாட்டிலில் வருடம் போடுகிறானே, அந்தக் கணக்கில் இது 2023. அந்தப் பெட்டியை உங்களுக்காகத் திறக்கிறேன்.

ஒரு பக்கப் பேச்சு. சுண்ணாம்பு தடவாத கலயத்துச் சமாசாரத்துக்கு 1987 ஜனவரியிலிருந்து இங்கே தடை. அந்தக் கள் முதிர்கிற சாதியும் அல்ல. காலையில் இறக்கியது மறுநாள் காடியாக நிற்கும், அது அன்றன்றைக்குக் குடித்துத் தீர்க்கிற ருசி. கடல் தாண்டி வந்த பீப்பாய்ச் சரக்கு சட்டப்படி வீட்டுக்குள் வருகிறது, வேலிப் பனையில் வடிவது வந்தால் வழக்கு. இந்த ஏற்பாட்டுக்கு எந்தக் கட்சி என்ன நியாயம் சொன்னாலும் என் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு ராத்திரி இதில் இறங்கினால் விடிந்துவிடும், ஆகவே இந்தப் பேச்சு மாடியில் கிடையாது.

ஒப்பிடும் முறை. இரண்டு விதம் உண்டு. ஒரே கையில் செய்ததை வருட வரிசையில் வைப்பது ஒன்று, ஒரே வருடத்ததை வெவ்வேறு ஊரிலிருந்து வைப்பது இன்னொன்று. கருப்பட்டியில் இரண்டையும் செய்வோம். வருட வரிசைக்கு எங்கள் பரண் இருக்கிறது. ஊர் வரிசைக்கு உடன்குடி, வேம்பார், சாயல்குடி. உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல்தான் புவிசார் குறியீடு வந்தது. தேரியின் செம்மண் பனைக்கும் கடலோரக் கரிசல் பனைக்கும் பதநீரிலேயே வித்தியாசம் உண்டு என்று பனையேறிகள் சத்தியம் பண்ணுவார்கள், அதையும் சோதித்துவிடலாம். ஒயினில் நாலு மதேரா போதும், ஊர் வரிசையும் வேண்டாம் வருட வரிசையும் வேண்டாம், வகை வரிசை.

எல்லாவற்றையும் மூடித்தான் ருசி பார்க்க வேண்டும். பாட்டிலைத் துணியில் சுற்றி நம்பர் போடுவது என் வேலை. பேரைப் பார்த்தால் நாக்கு பேருக்கு ஏற்ப ஆடும். பாரிஸில் 1976 மே மாதம் ஸ்டீவன் ஸ்பரியர் என்கிற ஒயின் வியாபாரி ஒரு பந்தி வைத்தார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், மூடிய பாட்டில்கள், பிரெஞ்சு ஒயினும் கலிபோர்னியா ஒயினும் கலந்து. சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. பிரான்சில் பலருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஒயின் முதிர முதிரத்தான் பேசும், அமெரிக்கச் சரக்கு பத்து வருடத்தில் படுத்துவிடும் என்றார்கள். முப்பது வருடம் கழித்து 2006-ல் அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மறுபடி திறந்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியா. ரிட்ஜ் தோட்டத்து 1971 முதலாவது.

காலிப் பாட்டிலைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ரூடி குர்னியாவான் என்று ஓர் ஆள், இந்தோனேசியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தவன். பெரிய பெரிய விருந்துகளில் விலை சொல்ல முடியாத பழைய ஒயினைத் தாராளமாக ஊற்றுவான். நியூயார்க் உணவகத்தில் விருந்து முடிந்ததும் காலிப் பாட்டில்களைத் தன் வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொல்வான். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறான் போல என்று எல்லாரும் நினைத்தார்கள். வீட்டுச் சமையலறையில் சாதாரண ஒயின்களைக் கலந்து அந்தப் பாட்டில்களில் அடைத்துக்கொண்டிருந்தான். 2008-ல் ஏலத்துக்கு வந்த பட்டியலில் பர்கண்டியின் போன்சோ குடும்பத்துக் கிளோ சான் தெனி ஒயின் 1945-ஆம் வருடத்தது என்று இருந்தது. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில். லாரான் போன்சோ நேரே நியூயார்க் ஏலத்துக்கே போய் நிறுத்தினார். 2012-ல் கைது, 2014-ல் பத்து வருடச் சிறை. நாக்கில் நிபுணர் என்று பேரெடுத்தவர்களே அவ்வளவு காலம் ஏமாந்து குடித்திருக்கிறார்கள். நாம் சிரிக்க வேண்டாம். சீனி கலந்த கருப்பட்டியை அசல் என்று நம்பிக் கிலோ கணக்கில் வாங்கி வெளிநாட்டுக்குச் சுமந்துபோகிற கூட்டம்தானே நாம்? அதனால் மாடியில் ஒரு சீனிக் கருப்பட்டியையும் நம்பர் போட்டு நடுவில் சொருகிவைப்பேன். யார் பிடிக்கிறீர்கள் பார்ப்போம்.

அன்றைக்கு யாரும் அத்தரோ சென்ட்டோ போட்டுக்கொண்டு வராதீர்கள். வீட்டுப் பெண்கள் மல்லிகையைக் கொஞ்ச நேரம் கழித்து வைத்துக்கொள்ளட்டும். ஆத்தூர் வெற்றிலையும் கடைசியில்தான், முன்னால் போட்டால் நாக்கு மரத்துப்போகும். காபி டம்ளர் வேண்டாம், வாய் குறுகிய சின்ன கண்ணாடி கிளாஸ் நான் எடுத்துவைக்கிறேன்.

குடிக்காதவர்கள் நம்மில் பாதிக்குமேல். சபை ஒழுங்கில் நிற்பவர்களும் சர்க்கரைக்காரர்களும் மாத்திரைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒயின் என்றாலே திடப்படுத்தல் முடிந்த வருடம் திருவிருந்துப் பாத்திரத்தில் உதடு நனைந்த அந்த ஒரு மிடறுதான் என்று இருப்பவர்கள் அவர்கள். அவர்களை ஓரமாக உட்கார்த்திச் சோடா கொடுப்பதென்றால் எனக்கு அந்தப் பந்தியே வேண்டாம். கருப்பட்டி வரிசைதான் முதல் பந்தி, ஒயின் இரண்டாவது. இரண்டிலும் எல்லாருக்கும் மார்க் போடும் உரிமை உண்டு, ஒயினை முகர்ந்து மட்டும் பார்த்தாலும் செல்லும். நிறமும் மணமும் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரிதான். ஜி.யு. போப் 1842-ல் இருபத்திரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்து பள்ளி நடத்தியவர். 1886-ல் அவர் வெளியிட்ட குறள் மொழிபெயர்ப்பில் பழைமையும் உண்டு, கள்ளுண்ணாமையும் உண்டு. நம் கூட்டத்தில் இரண்டு அதிகாரத்துக்கும் ஆள் இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே பாயில் உட்காரட்டும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் 750 மில்லி. பத்துப் பேர் குடித்தால் ஆளுக்கு 75. நாலு பாட்டிலுக்கு முந்நூறு, அதுவே இந்தச் சாராய அளவுக்கு ஜாஸ்தி. அதனால் ஊற்றுவது ஆளுக்கு இருபது மில்லி, மிச்சம் பாட்டிலில் இருக்கட்டும், அது கெடாது என்றேனே. ஒருவேளை யாராவது நிஜமான ஃபிரஸ்கைரா கொண்டுவந்து, அது கொஞ்சமாக இருந்தால், அதியமான் முறைதான். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டில் அவனுடைய கள் கணக்கு வருகிறதே: கொஞ்சமாக இருந்தால் புலவர்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் அவர்கள் பாடப் பாடத் தானும் சேர்ந்து குடிப்பான். நம்மில் புலவர் யார் என்று சண்டை வரும். உள்ளூரில் இருந்து ஊரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு முதல் கிளாஸ் என்று முடிவு செய்துவிட்டேன், நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை.

இனி அந்த இருபது கிலோமீட்டர். மாடியில் ஒரு சொட்டுக் குடித்தவரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் தாண்டினால் சட்டம் பிடிக்கும் என்பது இருக்கட்டும், தூத்துக்குடி ரோட்டில் ராத்திரி லாரிகளின் வேகம் உங்களுக்கே தெரியும். வேனுக்குச் சொல்லிவிட்டேன், டிரைவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர், நம்மோடு கருப்பட்டி மட்டும் சாப்பிடுவார். எட்டு மணிக்குக் கிளம்பினால் நைட் கிளப்பில் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் உட்கார்ந்துவிடலாம். லண்டன்காரரின் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்: தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் பரோட்டாக் கடை. டான்ஸ் இல்லை, சால்னா உண்டு.

துபாய்க்காரரும் லண்டன்காரரும் சுங்கவரி இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரைதான் கொண்டுவரலாம், அதற்குள் ஆளுக்கு இரண்டு மதேரா. லண்டன்காரர் செர்சியாலும் வெர்தேல்யோவும், துபாய்க்காரர் போவாலும் மால்வாசியாவும் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் மாற்றி வாங்கும் முன் எனக்குச் சொல்லுங்கள், நாலு பாட்டிலும் மால்வாசியாவாக வந்து நின்றால் மக்ரூன் பத்தாது. கோயம்புத்தூர்க்காரர் வேம்பார் வழியாக வருகிறதாக இருந்தால் அங்கே இந்த வருடத்துக் கருப்பட்டி இரண்டு கிலோ, விடிலிக்காரரிடமே வாங்கவும். சாயல்குடிக்கு ஆள் இன்னும் அமையவில்லை. ராமநாதபுரத்தில் சம்பந்தம் செய்தவர் யாரோ ஒருவர் நம்மில் இருக்கிறார், அவர் கையைத் தூக்கட்டும், டிசம்பர் இருபதுக்குள்.

அன்புடன்,
உங்கள் பழைய கப்பல் ஸ்டூவர்டு
சாயர்புரம்